மெட்டு எவருடையது?
முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்வும் பாட்டும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகர், கருநாடக இசையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்பெறும் மூவரோடும் உறவுடையது. சியாமா சாஸ்திரிகளின் முன்னோர் பூசித்துவந்த பங்காரு காமாட்சித் திருமேனி, போர்க்காலக் கலக்கத்தில் இவ்வூரை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராய்த் தங்கித் தஞ்சையை அடைந்தது. தியாகராஜர் தம் முதுமையில் இங்கு வந்து வரதராஜரைப் பாடிச் சென்றார். மூவருள் இளையவரான முத்துசுவாமி தீட்சிதரோ சில ஆண்டுகள் இங்கேயே குடியிருந்தார். தெருவெல்லாம் தறியோசை கேட்கும் இவ்வூரில், அவர் பெயரை அறிந்தோர் பலர். அவர் பாட்டின் பொருளை அறிந்தோர் சிலரே. அந்த இடைவெளியைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லையும் இசையையும் தாமே ஆக்கித் தாமே பாடுபவரை நம் மரபு வாக்கேயக்காரர் என்று அழைக்கும். வாக்கு என்பது சொல். கேயம் என்பது பாடத்தக்கது. இத்தகையோரை மதிப்பிடுவது எங்கும் கடினமாகவே இருந்துவந்துள்ளது. பிரெஞ்சு மொழியில் கித்தாரோடு மேடையேறித் தம் பாடல்களைத் தாமே பாடிய ஜார்ஜ் பிரசென்ஸ் என்பவருக்குப் பிரெஞ்சு அகாதெமி 1967-இல் கவிதைக்கான பெரும் பரிசை வழங்கியபோது, பாட்டுக்காரரைக் கவிஞரென்று கொள்ளலாமா என்ற வினா அந்நாட்டில் எழுந்தது. மெட்டை நீக்கிய பின்னும் சொல் நிற்குமா என்று இலக்கியவாதி கேட்கிறார். சொல்லை நீக்கிய பின்னும் மெட்டு நிற்குமா என்று இசைவாணர் கேட்கிறார். இரண்டு கேள்விகளும் பாதிக் கேள்விகளே. தீட்சிதரைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. பாடுபவரும் கேட்பவரும் அறியாத மொழியில் அமைந்த பாட்டு, அவர்களுடைய வேண்டுதலாக ஆகக்கூடுமா?

பயணமே வாழ்வு

தீட்சிதர் 1775-இல் திருவாரூரில் பிறந்தார் என்பது பெருவழக்கு. தந்தையார் இராமசுவாமி தீட்சிதரும் பெரும் இசைப்புலவர். நூற்றெட்டு இராகங்களையும் தாளங்களையும் தொடுத்து ஒரே மாலிகையாகப் பாடியவர். சென்னைக்கு அருகிலுள்ள மணலியில், ஆங்கில ஆளுநரிடம் துபாஷாக விளங்கிய முத்துகிருஷ்ண முதலியாரின் குடும்பம் இவர்களை ஆதரித்தது. அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், இளைஞராயிருந்த தீட்சிதரையும் அவருடைய தம்பியரையும் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, அங்கு முழங்கிய ஐரோப்பியப் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். தம்பி பாலுசுவாமி அங்கிருந்து வயலினைக் கற்றுக்கொண்டு வந்தார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியைக் காண்பது அரிது. அண்ணனோ மெட்டுகளைக் காதில் ஏந்திக்கொண்டு வந்தார்.

பின்னர்ச் சிதம்பரநாத யோகி என்பவர் அவரைக் காசிக்கு அழைத்துச் சென்றார். பல ஆண்டுகள் கங்கைக்கரையில் தங்கி வடநாட்டு இசையை அவர் கேட்டார். யமுனாகல்யாணி போன்ற இராகங்களில் அவர் பின்னாளில் பாடியவற்றில் அந்த நிதானத்தின் சாயல் படிந்திருக்கக் காணலாம். தெற்கே திரும்பியபின் திருத்தணியில் முருகப்பெருமான் முதியவராய் வந்து நாவில் கற்கண்டு இட்டதாக மரபு கூறும். அன்று தொடங்கி 'குருகுஹ' என்பது அவருடைய முத்திரையாயிற்று. திருத்தணியை அடுத்துக் காஞ்சி, பின்னர்த் திருவாரூர், தஞ்சை, மதுரை, இறுதியில் எட்டயபுரம். அங்கே 1835-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில், மாணவர் மீனாட்சியைப் பாடக் கேட்டவாறே அவர் உயிர் நீத்தார் என்பர். சென்ற ஊரிலெல்லாம் ஊர்த்தெய்வத்தைப் பாடிய அவர், எந்த அரசவையிலும் நிலைத்துத் தங்கிப் புகழ்மாலை தொடுத்தவர் அல்லர்.

கோட்டையிலிருந்து வந்த மெட்டுகள்

தீட்சிதரின் படைப்புகளுள் மிகச் சிறியவை 'நோட்டுஸ்வர சாகித்தியங்கள்' எனப்படுபவை. ஏறத்தாழ நாற்பது உள்ளன. ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளைப் பொருத்திய பாடல்கள் இவை. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களுக்குள் அடங்கும். கமகம் என்னும் அசைவு இவற்றுக்கு இல்லை. அயர்லாந்தின் நடனமெட்டு ஒன்று மதுரை மீனாட்சியைப் பாடுகிறது. 'சக்தி சஹித கணபதிம்' என்னும் பாடலின் மெட்டு, நங்கையை நடனமாட அழைக்கும் ஒரு பிரெஞ்சுப் பாட்டினுடையது என ஆய்வாளர் கூறுவர். இங்கிலாந்தின் அரசரைக் காக்குமாறு இறைவனை வேண்டும் அந்நாட்டுப் பண்ணோ, 'சந்ததம் பாஹிமாம்' என்று தொடங்கிச் சங்கீத சியாமளையிடம் அடைக்கலம் கேட்கிறது.

இதில் அரசியல் குறும்பைக் காண்போர் உளர். ஆளும் இனத்தாரின் அரசரை அகற்றிவிட்டு அந்த இடத்தில் அம்மையை அமர்த்தினார் என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் அவ்வாறு கொள்ள அவர் சொல்லில் சான்றில்லை. எமக்குத் தோன்றுவது வேறு. மூலப் பண்ணும் காப்பாயாக என்றே வேண்டுகிறது. தீட்சிதரின் பாட்டும் காப்பாயாக என்றே வேண்டுகிறது. அங்கே காக்கப்பட வேண்டியவர் முடிசூடியவர். இங்கே வெறுங்கையோடு நிற்கும் 'நான்'. மொழி தெரியாமலே அந்த மெட்டின் உள்ளத்தை அவர் கேட்டுவிட்டார் போலும்!

இவற்றின் தரம் என்ன? பெருங்கீர்த்தனைகளோடு ஒப்பிட்டால் இவை விளையாட்டே. சொற்கள் மெட்டின் துள்ளலுக்கு ஏற்பக் குறுகி, பெயர்களின் அடுக்காக நிற்கின்றன. உணர்வு ஆழமாக இறங்க இடமில்லை. இன்று இவை பெரும்பாலும் சிறுவர்க்கு முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அது பொருத்தமே. எனினும் விளையாட்டில்தான் ஒருவரின் இயல்பு வெளிப்படும். தூய மரபின் காவலர் என்று நாம் கருதும் ஒருவர், அயலார் மெட்டைக் கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்பதே இப்பாடல்கள் காட்டும் செய்தி.

இவ்விடத்தில் நம் பங்குகளில் அடிக்கடி எழும் ஒரு வழக்கை நினைக்கலாம். திருவிழாக் காலத்தில் பாடற்குழு இளைஞர் திரைப்பட மெட்டொன்றுக்குப் பக்திச் சொற்களைப் பொருத்திக் கொண்டுவருகின்றனர். தடுத்தால், தீட்சிதரே செய்தாரே என்கின்றனர். வாதம் கூர்மையானது, ஆனால் நிறைவானதன்று. தீட்சிதரைக் கேட்டோருக்கு அந்த மெட்டுகளின் பழைய சொற்கள் தெரியா. மெட்டு தனியே, தன் முன்வாழ்வைக் கோட்டைக்குள் விட்டுவிட்டு, அவர்களிடம் வந்தது. நாம் கேட்கும் திரைமெட்டோ தன் நாயகனையும் நாயகியையும் மழைக்காட்சியையும் கையோடு அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைகிறது. உதடு ஒன்றைப் பாடும். நெஞ்சு வேறொன்றைப் பார்க்கும். ஆகவே மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, எதைச் சுமந்துகொண்டு வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கடன் வாங்குவது குற்றமன்று. கடன் கொடுத்தவரின் குரலே மேலோங்கி நிற்பின் அது வழிபாட்டுக்கு உதவாது.

மறுபுறமும் உண்டு. தீட்சிதருக்கு ஓராண்டு மூத்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவில் வாழ்ந்த இக்கிறிஸ்தவக் கவிஞர், குறவஞ்சி என்னும் நாட்டு வடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். ஒரே காலத்தில், ஒரே தமிழகத்தில், ஒருவர் ஐரோப்பிய மெட்டில் அம்மையைப் பாடினார். மற்றவர் குறத்தியின் மெட்டில் கிறிஸ்துவைப் பாடினார். பண்பாட்டுமயமாதல் என்று இறையியலார் இன்று பெரும் பெயரிட்டு அழைப்பதை, இவ்விருவரும் பெயரிடாமலே செய்துவிட்டனர்.

காஞ்சியில் நெய்த கீர்த்தனைகள்

காஞ்சியில் தீட்சிதர் தங்கியிருந்தபோது உபநிஷத் பிரம்மேந்திரர் என்னும் துறவி இங்கு வாழ்ந்தார். நூற்றெட்டு உபநிடதங்களுக்கும் உரை கண்ட பேரறிஞர். அவரிடம் தீட்சிதர் வேதாந்தம் பயின்றார் என்பர். அந்தப் பயிற்சி அவர் பாட்டின் சொல்லில் ஊறியுள்ளது.

சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி எனப் பிரிந்து நிற்கும் ஊர் இது. வரதராஜர் கோயிலில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் நேர்ந்த பிணக்குகள் நீதிமன்றப் படிகளையும் ஏறியவை. இத்தகைய ஊரில் தீட்சிதர் எல்லா வாயில்களிலும் நின்று பாடினார். ஏகாம்பரநாதர் மீது 'சிந்தய மாகந்த மூலகந்தம்'. காமாட்சி மீது 'கஞ்சதளாயதாக்ஷி'. வரதராஜர் மீது 'வரதராஜம் உபாஸ்மஹே'. இவற்றுள் முதலாவது பைரவி இராகத்தில் அமைந்தது. ஐம்பூதத் தலங்கள் ஐந்தின்மேல் அவர் பாடிய வரிசையில் நிலத்துக்கு உரியது. மாமரத்தின் அடியில் வேர்க்கிழங்காய் வீற்றிருப்பவரை எண்ணுக என்பது அதன் தொடக்கத்தின் கருத்து. மண்ணால் ஆன இலிங்கத்தைப் பாட வந்தவர், வானத்தையோ மலையையோ நாடாமல் வேரையும் கிழங்கையும் நாடியது எத்துணைப் பொருத்தம்! நடையும் அவ்வாறே, விரையாமல், மண்ணில் நீர் இறங்குவதுபோல் இறங்கிச் செல்கிறது.

காஞ்சிப் பட்டின் சிறப்புக் கோர்வையில் உள்ளது என்பது நெசவாளர் அனைவரும் அறிந்தது. உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். மூன்று நாடாக்களை ஓட்டி, ஊடைக்கு ஊடை இரண்டையும் பின்னிச் சேர்க்கின்றனர். ஒருவராக நெய்ய இயலாது. பக்கத்தில் துணைக்கு ஒருவர் வேண்டும். சேலை நைந்தாலும் சேர்ப்பு விடாது என்பர். இசையிலும் கோர்வை என்னும் சொல் வழங்குகிறது. தீட்சிதரின் கீர்த்தனையைக் கூர்ந்து கேட்போர் இதே தொழிலைக் காண்பர். இராகத்தின் பெயரைத் தெய்வத்தின் அடைமொழிக்குள்ளேயே மறைத்து வைப்பார். பிரித்துக் காட்டினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாது. சுரத்தின் எழுத்தும் சொல்லின் எழுத்தும் ஒன்றாய் விழும் இடங்கள் உண்டு. மெதுவாய்ச் சென்ற பாட்டு இறுதியில் இருமடங்கு விரைவுகொண்டு, கரையில் சரிகை ஓடுவதுபோல் மின்னும். ஆனந்தபைரவியில் அமைந்த 'தியாகராஜ யோக வைபவம்' என்னும் பாட்டில் ஒரே தொடர் படிப்படியாகக் குறுகிக்கொண்டே வரும். குறுகும் ஒவ்வொரு நிலையிலும் பொருள் கெடாது. சொல்லுக்கும் இசைக்கும் இடையில் அவர் வைத்த சேர்ப்பு அத்தகையது. பிரசென்ஸைக் குறித்து எழுந்த கேள்விக்கு இதுவே விடையாகலாம்: பிரித்துப் பார்ப்பதற்காக நெய்யப்பட்டதன்று கோர்வை.

பாரதியின் குறை

இவ்வளவும் சொன்னபின் ஒரு கடுமையான எதிர்வாதத்தைக் கேட்டாக வேண்டும். தீட்சிதர் உயிர் நீத்த எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்தவர் பாரதியார். சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் தீட்சிதரின் பாடல்களது கம்பீரத்தைக் கங்கையோடு ஒப்பிட்டுப் போற்றுகிறார். போற்றிய கையோடு, அவை வடமொழியில் இருப்பதால் நம் பொதுமக்களின் அனுபவத்துக்கு உதவமாட்டா என்றும் தீர்ப்பளிக்கிறார். பொறாமையாலோ அறியாமையாலோ எழுந்த கூற்றன்று இது. பாட்டு மக்களைச் சென்றடைய வேண்டும் என்ற தவிப்பிலிருந்து எழுந்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு இந்த வழக்கு புதிதன்று. இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் வரை நம் திருப்பலி இலத்தீனில் நடந்தது. வாசிக்கத் தெரியாத எம் பாட்டிமார், அக்வினா தோமையாரின் 'தாந்தும் எர்கோ'வைப் பிழையின்றிப் பாடினர். பொருள் தெரியுமா என்றால் தெரியாது. முழங்கால் தாமே மடிந்தன. திருச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்கு வாயில் திறந்தது. அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்புத் தரவும் பணித்தது. அது சரியான முடிவு என்பதில் எமக்கு ஐயமில்லை. அறியாத மொழியில் மட்டுமே வேண்டிக்கொள்ளக் கட்டாயப்படுத்துவது மக்களை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதாகும். ஆனால் அந்தப் பாட்டிமாரின் வேண்டுதல் பொய்யானது என்று எவர் சொல்லத் துணிவார்? ஒலிக்கும் ஒரு பொருள் உண்டு. பலகாலம் பலர் ஒருங்கே சொன்ன ஒலிக்கு அது மேலும் உண்டு.

தீட்சிதர் தமிழை அறவே புறக்கணித்தார் என்பதும் உண்மையன்று. வடமொழி, தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் விரவிய மணிப்பிரவாளக் கீர்த்தனைகளும் அவர் இயற்றியுள்ளார். ஆயினும் அவை மிகச் சில. பாரதியின் குறை நீங்கிவிட்டது என்று சொல்வதற்கு அவை போதா. தேவாரமும் திவ்வியப்பிரபந்தமும் பிறந்த அதே கோயில்களில் நின்று, அங்குள்ளோர் பேசும் மொழியில் ஓரிரண்டே பாடல்கள் என்பது பெருங்குறைவே. அன்பர் இதை மறைக்க வேண்டியதில்லை.

மற்றொரு செய்தியையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். சுத்த மத்தளக் கலைஞரான தம்பியப்பன் என்ற மாணவர் வயிற்றுவலியால் துன்புற்றபோது, அதற்குரிய மந்திரத்தை அவருக்கு உபதேசிக்க அக்கால வழக்கம் இடந்தரவில்லை. அதனால் கிரகங்களின்மேல் கீர்த்தனை இயற்றி அவரையே பாடச்செய்து நோய் நீங்கச் செய்தார் என்று மரபு கூறும். நோய் நீங்கியதோ அன்றோ, இக்கதை சொல்வது தெளிவு. மந்திரம் எங்கே கதவை அடைத்ததோ, அங்கே பாட்டு கதவைத் திறந்தது. திருவாரூர்க் கமலம் என்னும் தேவதாசியும், பொன்னையா, வடிவேலு முதலிய தஞ்சை நால்வரும் அவருடைய மாணவரே. மொழியில் உயரத்தே நின்றவர், கற்பிப்பதில் இறங்கி வந்தார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து அவரை வாழ்த்துவதும் வைவதும் நேர்மையாகாது.

மறைந்து நிற்கும் 'நான்'

தீட்சிதரின் பாட்டில் நாம் காணும் உண்மையான வறுமை மொழியில் இல்லை, வேறிடத்தில் உள்ளது. திருப்பாடல்களில் தாவீது அழுகிறார், வழக்காடுகிறார், ஏன் கைவிட்டீர் என்று இறைவனை நோக்கிக் கூவுகிறார். தியாகராஜரும் தம் இராமனிடம் உரிமையோடு சண்டையிடுகிறார். தீட்சிதரிடம் இந்தக் குரல் அரிது. அவர் தெய்வத்தை வருணிக்கிறார். அடைமொழிமேல் அடைமொழியாக, கோபுரத்தில் சுதை உருவங்களை ஏற்றுவதுபோல் ஏற்றுகிறார். பாடியவர் எங்கே என்று தேடினால், 'குருகுஹ' என்ற முத்திரைக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார். இதனால் சில கீர்த்தனைகள் குளிர்ந்த கல்லைத் தொட்டாற்போல் உள்ளன என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

விதிவிலக்காக ஒரு பாடலைச் சொல்லலாம். வீட்டில் பொன் இல்லையே, செல்வரைப் பாடிப் பொருள் பெறலாகாதா என்று மனைவியார் ஏங்கியபோது பாடப்பட்டது எனக் கூறப்படும் 'ஹிரண்மயீம் லக்ஷ்மீம்'. அதில் மட்டும், மானிடரை அண்டிப் பிழைக்கமாட்டேன் என்ற உறுதி, பாடியவரின் சொந்தக் குரலாகக் கேட்கிறது. வறுமையை அறிந்தவர் என்பதை நாம் அங்கேதான் அறிகிறோம்.

எனினும் மறைந்து நிற்பதும் ஒருவகைத் துறவே என்று கருத இடமுண்டு. 'வரதராஜம் உபாஸ்மஹே' என்பதில் உள்ள வினைமுற்றுப் பன்மை; வழிபடுகிறேன் என்றன்று, வழிபடுகிறோம் என்று பொருள்படும். தம் துயரைப் பாடியிருந்தால் அது அவருடைய பாட்டாக இருந்திருக்கும். அதைப் பாடாததால், எவரும் அணியத்தக்க பட்டாக அது நெய்யப்பட்டிருக்கிறது. திருவழிபாட்டு மன்றாட்டுகளும் இவ்வாறே 'நாங்கள்' என்று பேசுகின்றன. குருவின் தனித்துயர் அங்கே ஒலிப்பதில்லை.

காத்துத் தந்த கைகள்

தீட்சிதரின் பாடல்கள் நம்மை வந்தடைந்த வரலாற்றில் நம் வாசகர் அறிய வேண்டிய ஒரு பெயர் உண்டு. அ. மு. சின்னசாமி முதலியார், சென்னையில் அரசுச் செயலகத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர், கிறிஸ்தவர். கருநாடகக் கீர்த்தனைகள் வாய்வழியிலேயே திரிந்து அழிந்துபோகும் என்று அஞ்சி, அவற்றை ஐரோப்பிய இசைக்குறியில் எழுதி 1890-களில் அச்சிட்டு வெளியிட முற்பட்டார். தீட்சிதர் மரபின் வாரிசான சுப்பராம தீட்சிதரை (1839–1906) நாடி, குடும்பச் சொத்தாய்க் காத்துவந்த கீர்த்தனைகளை உலகுக்குத் தருமாறு மன்றாடினார். கண்பார்வை மங்கிய நிலையிலும் முயற்சியை விடவில்லை. எட்டயபுரம் அரசரிடமும் இதற்காக வேண்டினார். அதன் பயனாகவே 1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் அதில் குறிப்போடு உள்ளன. பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி அந்நூலைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. சின்னசாமி முதலியார் முழு நூலைக் காணாமலே மறைந்தார்.

ஒரு கிறிஸ்தவர் ஏன் பிற சமயத் தெய்வங்களின்மேல் அமைந்த பாடல்களுக்காக இவ்வளவு வருந்த வேண்டும்? பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இல் திருச்சங்கம் எழுதிற்று. அச்சொற்கள் எழுதப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, இறையியல் விளக்கம் ஏதுமின்றி, தாள்களையும் மையையும் கொண்டு அதைச் செய்து முடித்தவர் அவர். கோட்டைப் பாண்டின் மெட்டைத் தீட்சிதர் வாங்கிக்கொண்டார். அந்தப் பாண்டின் குறியெழுத்தைக் கொண்டு தீட்சிதரின் மரபைக் காக்க ஒரு கிறிஸ்தவர் முனைந்தார்.

மெட்டு எவருடையது என்ற வினாவுக்கு எம்மால் இயன்ற விடை இதுவே. உண்டாக்கியவருடையது என்பது சட்டத்தின் விடை. அதற்காக வருந்திக் காத்தவருக்கும், அதனுள் தம் வேண்டுதலை உண்மையாக வைத்தவருக்கும் அதில் பங்குண்டு என்பது வழிபாட்டின் விடை. நம் பாடற்குழுவினர் அடுத்த திருவிழாவுக்கு மெட்டுத் தேடும்போது, தீட்சிதரிடமிருந்து நோட்டுஸ்வரத்தின் துணிவை மட்டும் கடன் வாங்காமல், பைரவியின் பொறுமையையும் கூடவே வாங்குவாராக. துணிவு ஒரு நாளில் வரும். பொறுமையோ, பாவு ஓட்டி, ஊடை எண்ணி, பக்கத்தில் இருப்பவரின் கையையும் பார்த்து நெய்பவருக்கே வரும்.